கொடுவாவுக்கு லூர் தூண்டில்: ராடு கடைசியில், நரம்பு முதலில்

யூடியூபில் 'பாஸ் ஃபிஷிங்' என்று தேடி, அதில் காட்டும் சாமான்களை அப்படியே ஆர்டர் போட்டுவிட்டு புதுச்சேரி தேங்காய்த்திட்டுக் கல்மேட்டில் வந்து நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். லூர் என்றால் உயிர் இரைக்குப் பதில் போடும் செயற்கை இரை. அந்த வீடியோக்களில் வருவது பெரும்பாலும் அமெரிக்க ஏரிகளில் வாழும் லார்ஜ்மவுத் பாஸ். அது நல்ல தண்ணீர் மீன். நம் பக்கம் ஹோட்டல் மெனுவில் சீபாஸ் என்று போடுவது கொடுவாவை. பெயரில்தான் ஒட்டு, குடும்பமே வேறு. கொடுவாவின் வாய்க்குள் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு, செவுள் மூடியின் ஓரத்தில் பிளேடு மாதிரி கூர். மாட்டியதும் தண்ணீருக்கு மேலே எகிறித் தலையை உதறும். போதாததற்கு அது பதுங்குவது பாலத்துத் தூண், அலையாத்தி வேர், சிப்பி ஒட்டிய கல் பக்கம். அங்கே மெல்லிய நரம்பும் (தூண்டில் கயிறு) சின்ன முள்ளும் நிற்காது.

அதனால் கையில் இருக்கும் பணத்தை முதலில் நரம்பு, லீடர் (நரம்பின் முன்னால் சேர்க்கும் தடித்த துண்டு), முள் ஆகியவற்றுக்கு ஒதுக்குங்கள். மிச்சத்தில் ராடு வாங்குங்கள். கடையில் இதைத் தலைகீழாகத்தான் சொல்வார்கள்.

ராடும் ரீலும்

7 அடி, மீடியம் ஹெவி, இரண்டு துண்டாகக் கழற்றக்கூடியது. ராடின் மேலே 10–30 கிராம் அல்லது 15–40 கிராம் என்று லூர் எடை அச்சிட்டிருக்க வேண்டும். தாழங்குடா, தேவனாம்பட்டினம் மாதிரி முகத்துவார மணலில் நின்று தூரமாக வீச வேண்டுமென்றால் 9 அடி. சுண்ணாம்பாற்றில் படகில் உட்கார்ந்து போட 9 அடி வேண்டாம், பக்கத்தில் இருப்பவர் காதில் மாட்டும்.

ரீல் ஸ்பின்னிங், 3000 அல்லது 4000 சைஸ். வீடியோவில் வரும் பெய்ட்காஸ்டிங் ரீல் பார்க்க அழகு. கடல் காற்றுக்கு எதிராக வீசும்போது ஸ்பூல் (நரம்பு சுற்றியிருக்கும் உருளை) தறிகெட்டுச் சுற்றி, குருவிக்கூடு கட்டிவிடும். ஒரு வருஷம் கழித்து வாங்கிக்கொள்ளலாம்.

பிரெய்டு: பவுண்டு நம்பரைப் பார்க்காதீர்கள், தடிமனைப் பாருங்கள்

மெயின் லைனுக்கு பிரெய்டு, அதாவது பல இழை சேர்த்துப் பின்னிய நரம்பு. பிஇ 2 (பிஇ என்பது பிரெய்டின் தடிமனைச் சொல்லும் எண்), அதாவது கிட்டத்தட்ட 0.235 எம்எம் தடிமன். நல்ல கம்பெனி சரக்கில் இது 30 பவுண்டு சுமாருக்குத் தாங்கும். மலிவு டப்பாவில் 0.235 எம்எம்முக்கு 60 பவுண்டு என்று போட்டிருந்தால் இரண்டில் ஒன்று பொய். பெரும்பாலும் உள்ளே இருப்பது தடித்த நரம்பாக இருக்கும். தூரம் போகாது.

8 இழை வழவழப்பாக இருக்கும், கூடுதல் தூரம் போகும். 4 இழை கொஞ்சம் சத்தம் போடும், ஆனால் கல்லில் உரசினால் கூடுதல் நேரம் தாங்கும், விலையும் குறைவு. கடலூர் முதுநகர்த் துறைமுகக் கல் மாதிரி இடத்துக்கு என் ஓட்டு 4 இழைக்கே. வெறும் மணல் என்றால் 8 இழை.

இனி முக்கால்வாசிப் பேர் வழுக்கி விழும் இடம். பிரெய்டை நேரடியாக ரீல் ஸ்பூலில் கட்டாதீர்கள். ஸ்பூல் வழவழப்பான உலோகம், பிரெய்டும் வழவழப்பு. முடிச்சு இறுகியிருந்தாலும் மொத்த நரம்பும் ஒரு வளையமாக ஸ்பூல் மேலே சுழலும். பார்க்க டிராக் (மீன் இழுக்கும்போது நரம்பை எவ்வளவு இறுக்கத்தில் விட வேண்டும் என்று திருகி வைக்கும் பிரேக்) வேலை செய்யாதது மாதிரி இருக்கும். எவ்வளவு திருகினாலும் மீன் நரம்பை இழுத்துக்கொண்டே போகும். ரீல் பழுது என்று கடைக்குத் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. ரீலில் ஒரு கோளாறும் இருக்காது. வைத்தியம் இதுதான்:

1. ஸ்பூலில் முதலில் 0.30 எம்எம் தங்கூசி (நைலான்) நரம்பை 5–6 மீட்டர் சுற்றுங்கள். நைலான் ஸ்பூலைக் கவ்விப் பிடிக்கும்.
2. அதன் முனையில் பிரெய்டைக் கட்டுங்கள் (முடிச்சு கீழே வருகிறது).
3. பிரெய்டை ஈரத்துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டே சுற்றுங்கள். தளர்வாகச் சுற்றினால் பெரிய மீன் இழுக்கும்போது மேல் சுற்று அடிச் சுற்றுக்குள் புதைந்து, அடுத்த வீச்சில் படக்கென்று நிற்கும். லூர் மட்டும் அறுந்து பறக்கும்.
4. ஸ்பூல் விளிம்புக்கு 2 எம்எம் கீழே நிறுத்துங்கள். தளும்பத் தளும்பச் சுற்றினால் சிக்கு விழும்.

வீசி முடித்ததும் பெய்ல் கம்பியை (வீசுவதற்கு முன் ரீலில் திறந்து வைக்கும் வளைவுக் கம்பி) கையால் மூடுங்கள், ரீலைச் சுற்றி மூடாதீர்கள். நரம்பு ஒருமுறை இறுகும்படி லேசாக இழுத்துவிட்டுச் சுற்ற ஆரம்பித்தால் பாதிச் சிக்கு குறையும்.

லீடர்

பிரெய்டு இழுவைக்குக் கெட்டி, உரசலுக்குச் சொத்தை. கொடுவா வாய்க்கும் செவுளுக்கும் அதை நேரடியாகக் காட்டக் கூடாது. முன்னால் 40 பவுண்டு லீடர், தடிமனில் சுமார் 0.55–0.60 எம்எம். வேர், தூண் பக்கம் போட்டால் 60 பவுண்டு. ஃப்ளோரோகார்பன்தான் வேண்டும் என்பதில்லை. மீன்பிடிச் சாமான் கடையில் 0.60 தங்கூசி கேட்டால் கிடைக்கும், அதே வேலையைச் செய்யும். மேல்மட்ட லூருக்கு அதுவே மேல், ஃப்ளோரோகார்பன் மூழ்கும் சரக்கு. வாங்கும்போது சுருளை வெயில் படாத அலமாரியிலிருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள். வெயிலில் தொங்கிய நரம்பு வெளுத்து, மடக்கினால் மொடமொடக்கும்.

நீளம் 60–70 செ.மீ. போதும். முடிச்சு ராடு நுனி வளையத்துக்கு வெளியே நிற்கும்படி வைத்து வீசுங்கள். நீளமான லீடர் போட்டு முடிச்சை வளையங்களுக்குள் சுற்றி வைத்து வீசினால், ஒவ்வொரு வீச்சிலும் அது வளையத்தில் அடிபட்டு நசுங்கும்.

இரண்டையும் சேர்க்கும் முடிச்சு

எஃப்ஜி முடிச்சுதான் சிறந்தது, சந்தேகமில்லை. இருட்டில், காற்றில், புதுக் கையோடு கட்டுவதற்கு அது ஆகாது. முதலில் டபுள் யூனி பழகுங்கள்.

1. பிரெய்டு முனையையும் லீடர் முனையையும் எதிரெதிராக 20 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள்.
2. பிரெய்டு முனையை மடக்கி ஒரு வளையம் செய்து, அந்த வளையத்துக்குள்ளேயே இரண்டு நரம்பையும் சேர்த்து 8 சுற்று சுற்றுங்கள். லேசாக இழுத்து மூடுங்கள்.
3. லீடர் முனையிலும் அதே மாதிரி, ஆனால் 4 சுற்று மட்டும்.
4. எச்சில் தடவி நனைத்து, நீளப் பக்கம் இரண்டையும் மெதுவாக இழுங்கள். இரண்டு முடிச்சும் நகர்ந்து வந்து முட்டிக்கொள்ளும்.
5. இறுக்கி, மிச்சத்தை 2–3 எம்எம் விட்டு வெட்டுங்கள்.

இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை சுற்றினால் கெட்டது. பிரெய்டு 4 சுற்றில் வழுக்கிக் கழன்றுவிடும். தடித்த லீடர் 8 சுற்றில் இறுகாமல் கட்டியாக நிற்கும். காய்ந்த முடிச்சை வேகமாக இழுத்தால் உரசல் சூட்டில் நைலான் பலமிழக்கும், கண்ணுக்குத் தெரியாது. கட்டி முடித்ததும் பிரெய்டை ஒரு குச்சியில் சுற்றிப் பலமாக இழுத்துப் பாருங்கள். வெறுங்கையில் சுற்றாதீர்கள், பிரெய்டு சதையை அறுக்கும்.

லூர் பக்கம் இறுக்கக் கட்டாமல் 1 செ.மீ. வளையம் விட்டுக் கட்டுங்கள். லூருக்கு ஆட்டம் வரும். லீடரில் முதலில் ஒரு சாதா முடிச்சைத் தளர்வாகப் போட்டு, முனையை லூர் கண்ணில் நுழைத்து, திரும்ப அந்த முடிச்சுக்குள் விட்டு, மேல் நரம்பில் 4 சுற்று சுற்றி, மறுபடி முடிச்சுக்குள் விட்டு நனைத்து இறுக்குங்கள். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் லீடரின் கடைசி ஒரு சாண் நீளத்தை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரத்தால் வெட்டி எறிந்து மறுபடி கட்டுங்கள்.

டிராக்கை எடை போடுங்கள்

30 பவுண்டு என்றால் 13.6 கிலோ. டிராக் அதில் நாலில் ஒரு பங்கு, 3 கிலோ சொச்சம். தராசு வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் மூன்றைப் பையில் போட்டு, ராடு வளையங்கள் வழியே விடாமல் ரீலிலிருந்து நேராக நரம்பில் தொங்கவிடுங்கள். பை மெதுவாக இறங்க ஆரம்பிக்கும் இடத்தில் திருகை நிறுத்துங்கள். ராடால் பையைத் தூக்கிச் சோதிக்காதீர்கள், நுனி முறியும்.

லூர்: மூன்று போதும்

டப்பா நிறைய வாங்க வேண்டாம். 4 இஞ்ச் வால் ஆடும் ரப்பர் மீன் ஒரு பாக்கெட், அதற்கு 4/0 முள் வைத்த 10–14 கிராம் ஜிக்ஹெட் (கனமான தலையோடு வரும் முள்). 10–12 செ.மீ. மின்னோ (மீன் வடிவக் கெட்டி லூர்) ஒன்று, சும்மா இருந்தால் மிதந்து, இழுக்கும்போது ஒரு மீட்டருக்குள் இறங்குவது. விடியலுக்கு ஒரு பாப்பர் (தண்ணீர் மேலேயே தெறித்து வரும் லூர்). நம் கரையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டரை ஒட்டித்தான், அதனால் முகத்துவார இழுப்புக்கு 14 கிராம் அநேகமாகப் போதும். ஜிக்ஹெட் தரையைத் தொடுவதே தெரியவில்லை என்றால் 20க்குப் போங்கள்.

தெளிந்த தண்ணீரில் மடவை மாதிரி வெள்ளி நிறம். ஐப்பசி, கார்த்திகையில் கெடிலமும் தென்பெண்ணையும் டீ நிறத்தில் இறங்கும்போது தங்க நிறம் அல்லது பளிச்சென்ற மஞ்சள்பச்சை. ராத்திரி பாலத்து விளக்கடியில் கறுப்பு. வெளிச்சத்தில் போடாதீர்கள். வெளிச்சமும் நிழலும் சேரும் கோட்டில், நிழல் பக்கமிருந்து இழுத்து வாருங்கள்.

மின்னோவோடு வரும் மும்முள் பெரும்பாலும் மெல்லிசு. கொடுவா தாடையில் நசுங்கும், இல்லை நிமிரும். 3எக்ஸ் கனமுள்ள முள்ளாக மாற்றுங்கள். முள்ளை லூரோடு மாட்டும் ஸ்பிளிட் ரிங் வளையத்தையும் சேர்த்து.

பிறகு சேர்த்தது

முள் மாற்றிய பிறகு மிதக்க வேண்டிய லூர் மூழ்குகிறது என்று இரண்டு பேர் எழுதினார்கள். கனமான முள் கூட்டும் ஒன்றிரண்டு கிராம்தான் காரணம். பக்கெட்டில் போட்டுப் பாருங்கள். ஆனால் குழாய்த் தண்ணீரில் மூழ்குவது கடல் தண்ணீரில் மிதக்கலாம், உப்புத் தண்ணீர் கனம். கடல் தண்ணீரிலும் மூழ்கினால் மும்முள்ளுக்குப் பதில் 1/0 ஒற்றை முள் போடுங்கள். வேரிலும் குறைவாக மாட்டும்.

கம்பி லீடர் போடலாமா என்று ஒரு கேள்வி. கொடுவாவுக்கு வேண்டாம், கடி குறையும். சீலா வந்து தொடர்ந்து அறுத்தால் மட்டும் 15 செ.மீ. மெல்லிய கம்பி.

பிச்சாவரத்தில் போடலாமா என்பது இன்னொன்று. அது வனத்துறைக் காடு. அனுமதி கேட்காமல் தூண்டிலோடு போகாதீர்கள்.

மீன் கரைக்கு வந்ததும் செவுளுக்குள் விரல் விட்டுத் தூக்கி, தையல் போட்டுக்கொண்ட படத்தை ஒருவர் அனுப்பியிருந்தார். கீழ்த்தாடையை லிப் கிரிப்பால் பிடியுங்கள், முள்ளை பிளையரால் கழற்றுங்கள். கொடுவா முதலில் ஆணாக வளர்ந்து பிறகு பெண்ணாக மாறும் மீன். 80 செ.மீ. தாண்டியது அநேகமாக முட்டை போடும் பெண். அதைத் தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றி விட்டுவிடுங்கள். குழம்புக்கு இரண்டு கிலோ மீனே ருசி.

வீட்டுக்கு வந்ததும் டிராக்கை இறுக்கி, ரீலின் மேல் நல்ல தண்ணீரை மெல்லத் தெளித்துத் துடையுங்கள். பக்கெட்டில் முக்காதீர்கள், பைப்பை வேகமாகத் திறந்து அடிக்காதீர்கள், உப்பு உள்ளே போய்விடும். காய்ந்ததும் டிராக்கைத் தளர்த்தி வையுங்கள். லூர்களையும் அலசி, காய்ந்த பிறகே டப்பாவில் போடுங்கள். ஒரு ஈரமான முள் போதும், டப்பா முழுக்கத் துருவேறும்.