கான்ஃபரன்ஸுக்கு வெளிநாடு போறீங்களா? டெல்டா பசங்க வழக்கமா பண்ற தப்புகள்

திருச்சியில ஃப்ளைட் ஏறினா சுமார் நாலு மணி நேரத்துல கோலாலம்பூர். மன்னார்குடியிலேர்ந்து சென்னைக்கு பஸ்ஸுல போறதவிட சீக்கிரம். அதனாலயோ என்னவோ இப்ப நம்ம பக்கத்து பசங்க, பிஎச்டி பண்ற அக்காங்க அண்ணனுங்கன்னு நெறைய பேரு மலேசியா, சிங்கப்பூர், கொஞ்சம் துணிஞ்சா ஜெர்மனின்னு ஸ்டூடன்ட் கான்ஃபரன்ஸுக்கு கெளம்பிடுறாங்க. நல்ல விஷயம்தான். ஆனா போயிட்டு வந்தவங்ககிட்ட உக்காந்து பேசினா ஒரே மாதிரி தப்பத்தான் திரும்பத் திரும்ப சொல்றாங்க, அதுல முக்காவாசி இங்கிலீஷ் தகராறே கெடையாது, கேக்க வேண்டியத கேக்காம சொல்ல வேண்டியத சொல்லாம கூச்சப்பட்டதால வந்தது.

மொதல்ல அந்த அழைப்பு மெயில். "உங்கள் ஆராய்ச்சியைக் கண்டு வியந்தோம், பேச்சாளரா வாங்க"ன்னு மெயில் வந்த ஒடனே வீட்ல கேசரி கிண்டிடுறாங்க. கொஞ்சம் பொறுங்க. ஒரே கான்ஃபரன்ஸுல விவசாயம், இன்ஜினியரிங், பல் மருத்துவம், மேனேஜ்மென்ட் எல்லாம் இருக்கா, அப்ஸ்ட்ராக்ட், அதாவது கட்டுரைச் சுருக்கம், அனுப்பின ரெண்டாம் நாளே ஓகே ஆயிடுச்சா, கமிட்டியில இருக்குறதா போட்ட பேராசிரியர் தன்னோட யுனிவர்சிட்டி பக்கத்துல அதப்பத்தி ஒரு வரி கூட எழுதலையா, அப்ப அது ஃபீஸ் வசூல் பண்றதுக்குன்னே ஓட்டல் ரூம்ல நடத்துற கடை. ஐஇஇஇ (இன்ஜினியருங்களோட உலக அமைப்பு) மாதிரி பெரிய பேரு போட்டிருந்தா அந்த அமைப்போட சொந்த சைட்ல போய் லிஸ்ட்ல இருக்கான்னு தேடுங்க. போன வருஷ புரொசீடிங்ஸ, அதாவது கட்டுரைத் தொகுப்ப, கேளுங்க. கைடுகிட்ட கேக்க பயந்துக்கிட்டு ஃபீஸ் கட்டினவங்கதான் அதிகம், அவரு ஒரே நிமிஷத்துல சொல்லியிருப்பாரு.

அடுத்தது பேரு. இது நம்மாளுங்களுக்குன்னே உள்ள தலைவலி, அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன். நமக்கு இனிஷியல்தான், குடும்பப் பேருன்னு ஒண்ணு கெடையாது. பாஸ்போர்ட்ல சிலருக்கு சர்நேம் எடம் காலியா இருக்கும், சிலருக்கு அப்பா பேரு அங்க உக்காந்திருக்கும், மார்க் ஷீட்ல வெறும் எழுத்து மட்டும் இருக்கும். கான்ஃபரன்ஸ் ஃபார்ம்ல லாஸ்ட் நேம் கட்டாயம்னு கேக்கும்போது அவசரத்துல ஏதோ ஒண்ணப் போட்டுடுறீங்க, அப்புறம் அழைப்புக் கடிதத்துல ஒரு பேரு, டிக்கெட்ல ஒரு பேரு, பாஸ்போர்ட்ல ஒரு பேருன்னு மூணு ஆளு பயணம் போற மாதிரி ஆயிடும். விசா ஆபீஸ்ல இதுக்கே நிறுத்துவாங்க. பாஸ்போர்ட்ல எப்படி இருக்கோ அப்படியே, அதே எழுத்துல, எல்லா எடத்துலயும் போடுங்க. சர்நேம் காலியா இருந்தா டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி ஏர்லைன்ஸுக்கு போன் பண்ணி எப்படிப் போடணும்னு கேளுங்க, ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி வச்சிருக்காங்க. துபாய்ல நடக்குற கான்ஃபரன்ஸ்னா இன்னும் கவனம், ஒத்தப் பேரு மட்டும் இருக்குற பாஸ்போர்ட்டோட விசிட் விசாவுல உள்ள விடுறதில்லன்னு 2022 நவம்பர்ல விதி கொண்டுவந்தாங்க. அப்புறம் அங்க போனா பேட்ஜ் பாத்துட்டு எல்லாரும் உங்கள அப்பா பேரச் சொல்லி கூப்புடுவாங்க, நாலு நாளும் அதுக்கே திரும்பிப் பாத்துக்கிட்டு இருக்காம மொத நாளே கவுன்ட்டர்ல சொல்லி பேட்ஜ மாத்திக்கலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

பாஸ்போர்ட் பேச்சு வந்ததால இன்னொண்ணு. பத்தாவது மார்க் ஷீட் குடுக்காம எடுத்த பாஸ்போர்ட்டா இருந்தா அதுல ஈசிஆர்னு இருக்கலாம், அதாவது சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசாங்க கிளியரன்ஸ் வாங்கணும்னு அர்த்தம். வேலைக்குப் போறவங்களுக்குத்தான் அந்த கிளியரன்ஸ் தேவை, ஆனா அது தேவைப்படுற 18 நாடுகள் பட்டியல்ல மலேசியாவும் இருக்குறதால ஏர்போர்ட்ல கூடுதலா ரெண்டு கேள்வி வரும். அழைப்புக் கடிதம், ரிட்டர்ன் டிக்கெட், ஓட்டல் புக்கிங், காலேஜ் கொடுத்த லெட்டர் நாலும் பேப்பரா கையில இருக்கட்டும், போன்ல இருக்கு சார்னு ஸ்க்ரோல் பண்ணிக்கிட்டு நிக்காதீங்க.

விசாவ ஊர் ஊரா பாக்கணும். மலேசியாவுக்கு 2023 டிசம்பர்லேர்ந்து இந்தியர்களுக்கு 30 நாள் வரைக்கும் விசா வேணாம்னு வச்சிருக்காங்க, ஆனா அது நீட்டிச்சுக்கிட்டு வர்ற சலுகை, டிக்கெட் போடும்போது ஒருதடவ சரிபாத்துக்கங்க. விசா வேணாமேன்னு சும்மா போயிடாதீங்க, எம்டிஏசின்னு ஒரு டிஜிட்டல் கார்டு இறங்குறதுக்கு முன்னாடி 3 நாளுக்குள்ள ஆன்லைன்ல போடணும், அது இலவசம், அதுக்கு காசு கேக்குற சைட்ட மூடிடுங்க. சிங்கப்பூருக்கு விசா வேணும். ஐரோப்பான்னா ஷெங்கன், பல ஐரோப்பிய நாடுகளுக்கு பொதுவான விசா, பயணத்துக்கு 6 மாசம் முன்னாடிலேர்ந்து 15 நாள் முன்னாடி வரைக்கும் அப்ளை பண்ணலாம், 90 யூரோ ஃபீஸ், 30,000 யூரோவுக்கு கவர் ஆகுற இன்ஷூரன்ஸ். 15 நாள்ன்றது கடைசி எல்லை, அத நல்ல நேரம்னு நெனச்சு உக்காந்திருக்கக் கூடாது, கைரேகை வைக்க சென்னை அப்பாயின்ட்மென்ட் கெடைக்குறதே சில சமயம் பெரும்பாடு.

பெட்டிக்கு வருவோம். பெட்டி கட்டுறது நம்ம கையில இல்ல, அம்மா கையில இருக்கு. பொடி வகையறாவுல கசகசா ஒரு பொட்டலம் இருக்கான்னு பாத்து எடுத்துடுங்க, சிங்கப்பூர்லயும் துபாய்லயும் அது தடை செஞ்ச பொருள், போதைப்பொருள் கணக்குல வரும், வெளையாட்டு இல்ல. நீடாமங்கலம் பால்திரட்டு, வீட்டு நெய் எல்லாம் ஐரோப்பாவுக்கு கொண்டு போக முடியாது, வெளியிலேர்ந்து வர்ற பயணிங்க பால் பொருள் எடுத்துட்டு வரக்கூடாதுன்னு சட்டமே இருக்கு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்துன்னா சாப்பாட்டு ஐட்டம் எது இருந்தாலும் கார்டுல டிக் பண்ணி காட்டிடணும், மறைச்சா அங்கயே ஃபைன். புது ஃப்ரெண்டுக்கு குடுக்கணும்னு சுவாமிமலையில ஐம்பொன் சிலை வாங்கிட்டுப் போறவங்க இருக்காங்க, புதுசா வார்த்த சிலையே ஆனாலும் பழைய சிலை இல்லன்னு தொல்லியல் துறை சான்றிதழ் இல்லாட்டி கஸ்டம்ஸ்ல மாட்டிக்கிட்டு முழிக்கணும். பேசாம சின்ன தலையாட்டி பொம்மை ரெண்டு வாங்கிக்கங்க, துணியில சுத்தி கைப்பையில வச்சா போதும், மேசையில வச்ச ஒடனே எல்லாரும் ஒருதடவ தட்டிப் பாப்பாங்க, பேச்சு தானா ஆரம்பிக்கும். பவர் பேங்க் கைப்பையிலதான் போகணும், செக்-இன் பெட்டியில கூடாது.

ஆராய்ச்சிய ஒரே தாள்ல காட்டுற போஸ்டர் கொண்டு போறவங்களுக்கு: ஊர் ஃப்ளெக்ஸ் கடையில அடிக்காதீங்க. அந்த அண்ணன் பாவம் கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலின்னு பழகின கை, பளபளன்னு வெயிட்டா அடிச்சுக் குடுப்பாரு, ஹால் லைட்டு வெளிச்சத்துல ஒண்ணும் படிக்க முடியாது. துணியில பிரின்ட் பண்ணா மடிச்சு சட்டையோட வச்சுடலாம். ஏ0ன்னு சொல்லியிருந்தா 84.1க்கு 118.9 சென்டிமீட்டர், நிக்கவா படுக்கவான்னு மெயில் பண்ணி கேட்டுக்கங்க.

காசு. ஆர்பிஐ 2020ல போட்ட விதிப்படி புதுசா வர்ற கார்டு இந்தியாவுக்குள்ள மட்டும்தான் வேலை செய்யும், இன்டர்நேஷனல்ன்றத நீங்களா ஆன் பண்ணணும், அங்க ரயில்வே ஸ்டேஷன்ல நின்னு கார்டு வேலை செய்யலன்னு வேர்க்கிறத விட இங்க பேங்க் ஆப்ல ரெண்டு தட்டு தட்டிட்டுப் போங்க. அந்த ஊரு சிம் போட்டு நம்ம சிம்ம கழட்டி வச்சுட்டா ஓடிபி வராது, ரெண்டு சிம் போன்னா ரெண்டையும் போட்டு வைங்க. கார்டு மெஷின்ல ரூபாயா, மலேசியா காசு ரிங்கிட்டான்னு கேட்டா ரிங்கிட்ட தொடுங்க, ரூபாயத் தொட்டா ரேட்ல கைய வச்சுடுவாங்க.

இப்ப ஆளுங்க. நம்மாளுங்க ஹால்ல நொழஞ்ச ஒடனே தமிழ் பேசுற குரல் எங்கன்னு காத தீட்டுவாங்க, கெடைச்சுட்டா நாலு நாளும் அந்த பெஞ்சுதான். மொத நாள் சாப்பாட்டுக்கு மட்டும் அப்படி உக்காருங்க, பரவால்ல. அதுக்கப்புறம் தட்ட தூக்கிக்கிட்டு வேற மேசைக்குப் போங்க. எந்த ஊருன்னு கேட்டா "நியர் சென்னை"ன்னு சொல்றத தயவுசெஞ்சு நிறுத்துங்க, எங்க இருக்கு திருவாரூர் எங்க இருக்கு சென்னை. காவிரி கடல்ல சேர்ற டெல்டா, நெல்லு வெளையிற ஊரு, 1010ல முடிச்ச தஞ்சாவூர் பெரிய கோயில் இன்னும் நிக்குது, 1987லேர்ந்து யுனெஸ்கோ பட்டியல்ல இருக்குன்னு சொல்லி போன்ல ரெண்டு போட்டோ காட்டுங்க. அதே நேரம் கல்யாணம் ஆச்சா, அப்பா என்ன பண்றாரு, ஸ்டைபன்ட் எவ்வளவுன்னு நம்ம ஊரு பஸ்ல கேக்குற மாதிரி பத்து நிமிஷத்துல கேட்டுடாதீங்க.

மலேசியா போறவங்களுக்கு ஒண்ணு தனியா சொல்லணும். ராஜேந்திர சோழன் 1025 வாக்குல கடாரத்து மேல, அதாவது இன்னிக்கு கெடா மேல, படையெடுத்தது நமக்கு பெருமை, சரி, அதுக்காக கெடா மாநிலத்து பையன்கிட்ட "எங்க ராஜா உங்க ஊர ஜெயிச்சாரு"ன்னு ஆரம்பிச்சா அவன் என்ன சொல்லுவான், சிரிச்சுட்டு எந்திரிச்சுப் போயிடுவான். அதுக்கு முன்னாடி நடந்ததச் சொல்லுங்க: உங்க பக்கத்து ராஜா எங்க நாகப்பட்டினத்துல சூடாமணி விகாரம்னு புத்த விகாரம் கட்டினாரு, ராஜராஜன் ஆனைமங்கலம்ன்ற ஊர அதுக்கு எழுதிவச்சாரு. இதச் சொன்னா அவனே கெடாவுல தொல்லியல் எடமா இருக்குற புஜாங் பள்ளத்தாக்குக்கு கூட்டிட்டுப் போறேன்னு சொல்ல வாய்ப்பு இருக்கு. அங்க மெர்போக்ல மியூசியம் இருக்கு, பக்கத்துலயே பழைய சண்டிய, அதாவது அந்தக் காலத்துக் கோயில, எடுத்துக் கட்டி வச்சிருக்காங்க. பஸ்ஸ நம்பி போற எடம் இல்ல, நாலு பேரா சேந்து வண்டி பேசிக்கங்க.

ஊர் சுத்துறதுல மொதல் தப்பு, எல்லாத்துக்கும் சரின்னு தலையாட்டுறது. பினாங்குல ஒருத்தன் மலை ரயிலுக்குப் போகலாம்பான், ஒருத்தி தெரு ஓவியம் பாக்கணும்பா, உங்களுக்கு சூலியா தெருவுல இருக்குற நாகூர் தர்காவ பாக்கணும்னு ஆசை இருக்கும். ஆமா, நம்ம நாகூர் ஆண்டவர் பேர்லயே 19ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல கட்டினது, கடல் கடந்து போன நம்ம மரைக்காயர் மக்கள் விட்டுட்டுப் போன அடையாளம். வாயத் தொறந்து சொன்னா எல்லாரும் வருவாங்க, அதுவும் பினாங்கு தலைநகர் ஜார்ஜ் டவுன் நடந்தே சுத்துற ஊரு. சொல்லாம அவங்க பின்னாடியே போயிட்டு ராத்திரி ரூம்ல வந்து மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டா என்ன பிரயோஜனம்.

ரெண்டாவது பில்லு. நம்ம ஊர்ல டீக்கடையில பர்ஸ மொதல்ல எடுக்குறவன்தான் ஆம்பள. அங்க போயும் "நான் குடுக்குறேன்"னு பாய்ஞ்சுட்டு அடுத்த வேளை அவன் குடுப்பான்னு காத்திருந்தா அவன் தன்னோட பங்க மட்டும் வச்சுட்டு உக்காந்திருப்பான், கஞ்சத்தனம் கெடையாது, அவங்க பழக்கம் அது. உக்காரும்போதே தனித்தனியான்னு கேட்டுடுங்க. பட்ஜெட் இவ்வளவுதான்னு சொல்றதுலயும் வெக்கப்பட ஒண்ணுமில்ல, ஸ்டூடன்ட்தானே எல்லாரும், நீங்க சொன்னதும் இன்னும் ரெண்டு பேரு மூச்சு விடுவாங்க.

சாப்பாட்டுல வெஜ்ஜுன்னு மட்டும் சொன்னா பத்தாது. கீரை வதக்கல்லயே பெலாச்சான்னு எறா விழுது போட்டிருப்பாங்க. மீன், எறா, முட்டை, கறி எதுவும் வேணாம்னு ஒண்ணொண்ணா சொல்லுங்க, இல்ல வாழையிலை சாப்பாட்டுக் கடைக்கு போயிடுங்க. குடிக்க கூப்புட்டா வேணாம்னு ஒரு வார்த்தை போதும், வயித்துவலி, மாத்திரைன்னு கதை கட்டத் தேவையில்ல, ஜூஸ் வாங்கிக்கிட்டு அதே மேசையில உக்காரலாம். நேரத்த மட்டும் விட்டுடாதீங்க, குளிக்கப் போகும்போதே "இதோ வந்துட்டேன்"னு மெசேஜ் போடுற பழக்கம் அங்க செல்லாது, 8 மணின்னா 8 மணி, லாபியில யாரும் காத்திருக்க மாட்டாங்க.

கோலாலம்பூர் பக்கத்துல இருக்குற முருகன் கோயில் பத்து மலையில 272 படி, செருப்ப பாத்து போடுங்க. மசூதிக்கோ கோயிலுக்கோ போற அன்னிக்கு அரை டவுசர் வேணாம். போட்டோ எடுத்தா போடுறதுக்கு முன்னாடி கேளுங்க, எல்லாருக்கும் ஸ்டேட்டஸ்ல வர்றது புடிக்காது. ஊர் சுத்துறதுக்காக செஷன கட் அடிக்கிறவங்களுக்கு ஒண்ணுதான் சொல்லுவேன், ரிட்டர்ன் டிக்கெட்ட ஒருநாள் தள்ளிப் போட்டிருந்தா ரெண்டும் நடந்திருக்கும், முடியுற அன்னிக்கு சாயங்காலமே ஃப்ளைட் போடாதீங்க. பேசுற அன்னிக்கு காலையில போய் எறங்குறதும் அதே ரகம்தான். எந்தப் பக்கம் போறீங்க, யாரு கூடன்னு வீட்டுக்கு ஒரு மெசேஜ், புதுசா பழகினவங்க நம்பர் ஒண்ணோட. அம்மாகிட்ட முன்னாடியே சொல்லி வைங்க, நம்ம ராத்திரி 9 மணி மலேசியாவுல 11:30, எடுக்கலன்னா தூங்கிட்டான்னு அர்த்தம்.

கெளம்புறதுக்கு முன்னாடி எல்லார்கிட்டயும் வாட்ஸ்அப் நம்பர் வாங்கிட்டா முடிஞ்சுதுன்னு நெனைக்காதீங்க. கொரியாக்காரங்க காகாவோடாக், ஜப்பான்காரங்க லைன், சீனாக்காரங்க வீசாட், அதனால மெயில் ஐடியும் வாங்கிக்கங்க. ஊருக்கு வந்த ஒரு வாரத்துக்குள்ள, பேசின விஷயத்த ஞாபகப்படுத்தி ரெண்டு வரி எழுதுங்க, கூடவே அவங்களும் இருக்குற போட்டோ ஒண்ணு. பயண உதவிப் பணத்துக்கு விண்ணப்பிச்சவங்க போர்டிங் பாஸ், ரசீது எல்லாத்தையும் பத்திரமா வைங்க, நெறைய எடத்துல போர்டிங் பாஸ் கேப்பாங்க. காலேஜ் ஆபீஸ்ல குடுக்கும்போது ஒரு ஜெராக்ஸ் எடுத்து வச்சுக்கிட்டு, வாங்கினதுக்கு கையெழுத்தும் கேட்டு வாங்கிடுங்க.