கீழே எரிச்சல், துடிப்பு: இடுப்பையும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்

திருப்பூரில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். நாள் முழுக்க தையல் மெஷின் முன்னால் உட்காரும் பெண்கள்தான் அதிகம் வருவார்கள். இடுப்புவலி பற்றிப் பேசி முடித்த பிறகு சிலர் குரலைத் தாழ்த்திப் பிறப்புறுப்பில் இருக்கும் தொந்தரவைச் சொல்வார்கள்: "கீழே ஒரே துடிப்பா இருக்குக்கா. மனசுல ஆசையெல்லாம் ஒண்ணுமில்ல, தானா வருது." இதை ஒழுக்கத்தோடு முடிச்சுப் போட்டு அழுகிறவர்களும் உண்டு. தேவையே இல்லை.

முதலில் மகளிர் மருத்துவரிடம் போய், நோய்த்தொற்றோ தோல் பிரச்சினையோ இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அதெல்லாம் சரியாக இருந்தால், அடுத்துத் தசையையும் நரம்பையும் பார்க்க வேண்டும். பிறப்புறுப்புக்கு உணர்வு தரும் புடெண்டல் நரம்பு, உட்காரும் எலும்பின் உள்பக்கமாக ஒரு தசையை ஒட்டிப் போகிறது. அந்தத் தசையோ சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்பின் அடித்தளத் தசைகளோ இறுகிக் கிடந்தால் எரிச்சல், குறுகுறுப்பு, வேண்டாத கிளர்ச்சி எல்லாம் வரலாம். கீழ்முதுகில் டிஸ்க் பிதுங்கினாலும் வரலாம்.

ஒரு வாரம் கவனித்து எழுதி வையுங்கள். உட்கார்ந்தால் கூடி, எழுந்து நின்றாலோ வெஸ்டர்ன் டாய்லெட்டில் உட்கார்ந்தாலோ குறைகிறதா? அந்த நரம்பின் மேல் சந்தேகம் வலுக்கும். டாய்லெட் சீட்டில் நடுப்பகுதி அழுந்தாது. குனியும்போது கூடி, கால் வரை இழுக்கிறதா? முதுகைப் பார்க்கணும். மலச்சிக்கல், சிறுநீரை அடக்குவது, பதற்றம் இவற்றோடு கூடுகிறதா? அடித்தளத் தசையாக இருக்கலாம்.

யாரோ சொன்னார்கள் என்று அடித்தளத் தசையை இறுக்கி இறுக்கி விடும் கெகல் பயிற்சியை மட்டும் ஆரம்பிக்காதீர்கள். ஏற்கெனவே இறுகிய தசையை இன்னும் இறுக்கினால் தொந்தரவு கூடும். பதிலாக, மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கிக் கால்களை நாற்காலி மேல் வையுங்கள். வயிறு உப்ப மெதுவாக மூச்சை இழுங்கள். சிறுநீர் கழிக்கத் தொடங்கும்போது விடுகிற மாதிரி கீழே தளர்த்துங்கள். முக்கக் கூடாது. காலையும் இரவும் ஐந்து நிமிடம் போதும். வேலையில் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள். ஸ்டூலில் இரண்டு துண்டுகளைச் சுருட்டி, நடுவில் இடைவெளி விட்டு உட்காரலாம்.

தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ, கால்கள் பலமிழந்தாலோ இதையெல்லாம் விட்டுவிட்டு அன்றைக்கே அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள்.

பிசியோதெரபிஸ்டிடம் போவதென்றால், இடுப்பு அடித்தளத் தசைக்குச் சிகிச்சை தந்து பழக்கம் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். சிலசமயம் உள்ளே விரல் வைத்துப் பரிசோதிப்பார்கள். ஏன், எப்படி என்று விளக்கி, உங்கள் சம்மதம் வாங்கிய பிறகே செய்யணும். பாதியில் வேண்டாம் என்றாலும் நிறுத்தணும்.