பனி ஏரிக் கூடாரத்துக்கு ஹீட்டர் வாங்குவது எப்படி? ஒரு கோழிப் பண்ணைக்காரரின் செய்முறை விளக்கம்

பல்லடம் பக்கத்தில் பிராய்லர் பண்ணை வைத்திருப்பவனுக்கும் உறைந்த ஏரிக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். மகள் கனடாவில் டொராண்டோவுக்கு அருகே குடியிருக்கிறாள். அங்கிருந்து வடக்கே ஒரு மணி நேரம் காரில் போனால் சிம்கோ ஏரி. ஜனவரி, பிப்ரவரியில் அது பாறையாக இறுகிவிடும். அதன்மேல் நடந்து போய், துளை போட்டு, சிறு கூடாரம் விரித்து, உள்ளே உட்கார்ந்து தூண்டில் போடுகிறார்கள். இரண்டு குளிர்காலம் மாப்பிள்ளையோடு நானும் போனேன். பிள்ளைகளைப் பார்க்கப் போகிற ஈரோடு, திருப்பூர்ப் பெற்றோர்கள் என்னிடம் விசாரிப்பது மீனைப் பற்றி அல்ல, அந்தக் குளிரில் எப்படி உட்கார்ந்தேன் என்பதைத்தான். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஹீட்டருக்கு முன்னால் ஒரு வார்த்தை. ஆள் நடப்பதற்குத் தெளிந்த பனிக்கட்டி குறைந்தது 4 அங்குலம் கனம் இருக்க வேண்டும். பால் நிறத்தில் வெளுத்திருந்தால் வலு பாதிதான். கனம் இரண்டு மடங்கு தேவை. உள்ளூர்க்காரர் அளந்து சொல்லாமல் காலை வைக்காதீர்கள்.

முதல் படி: புகை எங்கே போகிறது என்று பாருங்கள்

கடைக்குப் போனால் எல்லோரும் முதலில் கேட்பது எவ்வளவு சூடு தரும் என்று. அதை அப்புறம் கேட்கலாம். எரிந்து முடிந்த காற்று கூடாரத்துக்குள்ளேயே தங்குகிறதா, குழாய் வழியாக வெளியே போகிறதா என்பதுதான் முதல் கேள்வி.

குஞ்சு இறக்கிய முதல் வாரம் ஏறக்குறைய 33 டிகிரி கொடுக்க வேண்டும் என்பது பண்ணைக்காரர் அனைவருக்கும் தெரியும். குளிருக்குப் பயந்து புதிதாக வந்தவர்கள் நான்கு பக்கமும் படுதாவை இறுக்கி இழுத்துவிடுவார்கள். விடியற்காலையில் பார்த்தால் குஞ்சுகள் சோர்ந்து கிடக்கும். சூடு இருந்தது, காற்று இல்லை. பனிக் கூடாரம் அதைவிடச் சின்னது. குஞ்சுகளின் இடத்தில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

எரிபொருள் சரியாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. நிறமும் மணமும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று தொடங்கும். குளிரில் பசி மயக்கம் என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்வோம். சமையல் வாயுவின் நாற்றம் வந்தால் தெரிந்துவிடும் என்று நம்ப வேண்டாம். அந்த நாற்றம் கசிவைக் காட்டிக்கொடுக்க வேண்டுமென்றே சேர்த்தது. எரிந்த பிறகு வருகிற விஷத்துக்கு அது காவல் இல்லை.

ஆகவே கரி கூடவே கூடாது. பண்ணையில் கரிச் சட்டி வைத்துப் பழகியவர்களுக்கு, கங்கு புகைவதில்லையே, என்ன செய்துவிடும் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. புகையாத கங்குதான் அந்த விஷத்தை அள்ளி விடுகிறது. ஊட்டி, கொடைக்கானலில் அடைத்த அறைக்குள் கரி அடுப்பு வைத்துத் தூங்கி எழாதவர்களைப் பற்றிய செய்திகளை நாம் படித்தே இருக்கிறோம்.

இரண்டாம் படி: குளிரில் எழும்புகிற எரிபொருளைத் தேர்ந்தெடுங்கள்

முதல் தடவை நாங்கள் கொண்டுபோனது கையடக்க அடுப்பில் போடும் பியூட்டேன் குப்பி. மலிவாகக் கிடைத்தது. அன்று வெளியே மைனஸ் 14 டிகிரி. குப்பியை ஆட்டினால் உள்ளே திரவம் தளும்புகிறது. திருகைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை. மாப்பிள்ளை அதைக் கோட்டுக்குள் வைத்துச் சூடேற்றிப் பார்த்தார். இரண்டு நிமிடம் எரிந்தது, மறுபடி அணைந்தது. "மாமா, இது நம்மைவிடக் குளிருக்குப் பயப்படுகிறது" என்றார். மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்பினோம்.

காரணம் எளிது. திரவம் ஆவியானால்தான் எரியும். பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரியில் கொதிக்கிறது. அதற்குக் கீழே போனால் குப்பிக்குள் படுத்துவிடும். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியில் கொதிப்பதால் ஏரிக் குளிரிலும் ஆவியாகும். நம் வீட்டுச் சமையல் சிலிண்டரில் இருப்பது இந்த இரண்டும் கலந்தது. பனி ஏரிக்குத் தனிப் புரொப்பேன் என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். விமானத்தில் எரிவாயு கொண்டுபோக முடியாது. எல்லாம் அங்கே போய்த்தான்.

மண்ணெண்ணெய் ஹீட்டரும் உண்டு. திரி வெட்ட வேண்டும், பற்றவைக்கும்போதும் அணைக்கும்போதும் நாறும், புகை உள்ளேயே தங்கும். புதியவர்களுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

மூன்றாவது டீசல் ஹீட்டர். லாரி கேபினில் இரவு தங்குகிறவர்களுக்காக வந்த பொருள் இது. எரிவது பெட்டிக்குள்ளேயே இருக்கும் ஒரு மூடிய அறையில். அதன் புகை தனிக் குழாயில் வெளியேறும். கூடாரத்துக்குள் வருவது சூடான சுத்தக் காற்று மட்டும். பெட்டியை வெளியே வைத்து, சூட்டுக் குழாயை மட்டும் உள்ளே விடுவது நல்லது. புகைக் குழாயைக் காற்று போகும் திசையில் திருப்பி, துணியில் படாமல் வையுங்கள். தொட்டால் கை பொத்துவிடும். இதற்கு 12 வோல்ட் பேட்டரி வேண்டும், சுமையும் அதிகம். டீசலுக்கும் ஒரு குணம் உண்டு. குளிர்காலத்தில் லடாக் பக்கம் சரக்கு ஏற்றிப் போன நாமக்கல், சங்ககிரி ஓட்டுநர்களைக் கேட்டால், மெழுகுபோல் இறுகும் டீசலின் கதையைச் சொல்வார்கள். அதற்காகவே இந்தியன் ஆயில் 2019-இல் மைனஸ் 33 டிகிரி வரை இறுகாத குளிர்கால டீசலைக் கொண்டுவந்தது. கனடாவிலும் குளிர்கால டீசல்தான் போட வேண்டும். கோடையில் வாங்கி மீந்த கேனை எடுத்துப் போகாதீர்கள்.

என் தீர்ப்பு: ஒரு பகல் மட்டும் போய் வருபவருக்குப் புரொப்பேன். அடிக்கடி போகிறவர், ஸ்லெட்ஜில் இழுத்துப்போக ஆள் இருக்கிறவர் டீசலுக்குப் போகலாம்.

மூன்றாம் படி: அளவு

அங்கே ஹீட்டரின் சூட்டை பிடியு (BTU) என்ற அலகில், ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று சொல்வார்கள். 1,000 பிடியு என்பது சுமார் 300 வாட். இரண்டு பேர் உட்காரும் பஞ்சு வைத்துத் தைத்த கூடாரத்துக்கு 4,000, 9,000 என்று இரண்டு நிலை உள்ள சிறு ஹீட்டர் போதும். நான்கு பேர் கூடாரத்துக்கு 18,000 வரை போகும் பெரியது. ஒற்றைத் துணிக் கூடாரமாக இருந்தால் எவ்வளவு எரித்தாலும் வெளியே போய்க்கொண்டே இருக்கும். ஹீட்டரில் செலவழிக்கும் காசைக் கூடாரத்தில் போடுங்கள். அங்கே அதிகம் கண்ணில் படுகிற மாடலின் பெயர் 'பட்டி'. ஆங்கிலத்தில் தோழன் என்று பொருளாம். ஆடு அடைத்துப் பழகிய நமக்குப் பெயர் பொருத்தமாகவே படும்.

எரிபொருள் கணக்கு இது. ஒரு பவுண்டு புரொப்பேன் குப்பி, அதாவது அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு, 9,000-இல் இரண்டேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் வரும். 4,000-இல் ஐந்து மணி நேரம். ஒரு பகலுக்கு மூன்று குப்பி எடுத்துப் போங்கள். 20 பவுண்டு சிலிண்டர் என்றால் 9,000-இலேயே 45 மணி நேரத்துக்கு மேல். அதைக் கூடாரத்துக்கு வெளியே வைத்துக் குழாயால் இணைக்க வேண்டும். புரொப்பேன் காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையில்தான் தேங்கும், அங்கேதான் உங்கள் கால் இருக்கிறது. சில ரப்பர்க் குழாய்களிலிருந்து எண்ணெய்ப் பசை இறங்கி ஹீட்டரை அடைத்துவிடும். நடுவே வடிகட்டி போடச் சொல்கிறார்கள், போடுங்கள்.

வாங்கும்போது இரண்டு காவல் இருக்கிறதா பாருங்கள்: சாய்ந்தால் தானாக அணைவது, ஆக்சிஜன் குறைந்தால் தானாக அணைவது. இரண்டாவது காவல் வேலை செய்கிறதா என்று ஹீட்டரை ஊட்டிக்குக் கொண்டுபோய்ப் பார்க்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். இந்த வகை ஹீட்டர்கள் 7,000 அடி உயரத்துக்கு மேல் மெலிந்த காற்றை ஆக்சிஜன் குறைவு என்று எடுத்துக்கொண்டு அணைந்துவிடக்கூடும். ஊட்டி 7,300 அடியைத் தாண்டியது.

நான்காம் படி: வீட்டிலேயே ஒத்திகை

இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். ஏரிக்குப் போய்ச் செய்யலாம் என்று விட்டால் சோப்புத் தண்ணீரே உறைந்துவிடும். பிறகு திறந்த வெளியில் வைத்து அரை மணி நேரம் எரியவிடுங்கள். பற்றவைத்ததும் திருகை உடனே விடக்கூடாது. உள்ளே இருக்கும் உணர்கருவி சூடேறும்வரை, ஏறக்குறைய அரை நிமிடம், அழுத்திப் பிடிக்க வேண்டும்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று தனியாக வாங்குங்கள். பல அலாரங்கள் கடும் குளிரில் சரியாக வேலை செய்யாது. ஏரிக்குப் போகும்வரை கோட்டின் உள்பையில் வையுங்கள். லித்தியம் பேட்டரி குளிரைத் தாங்கும்.

ஐந்தாம் படி: பனியின்மேல்

கூடாரத்தை நிறுத்தியதும் எல்லோரும் ஓரத்துத் துணியின்மேல் பனியை அள்ளிப் போட்டுக் காற்றை அடைப்பார்கள். காற்று வீசாத பக்கத்தில் ஒரு சாண் அடைக்காமல் விடுங்கள். மேலே உள்ள சன்னலையும் திறந்து வையுங்கள். கீழே புதுக் காற்று நுழைய, மேலே பழைய காற்று கிளம்ப வேண்டும். எவ்வளவு திறப்பு என்பது ஹீட்டரோடு வருகிற கையேட்டில் எழுதியிருக்கும். அதற்குக் குறையக் கூடாது.

ஹீட்டரைப் பனிமேல் நேராக வைத்தால் அடியில் உருகிச் சாயும். ஒரு பலகைத் துண்டின்மேல் வையுங்கள். துணியிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி, கால் இடறாத மூலையில் இருக்கட்டும். அலாரத்தை உட்கார்ந்தால் தலை வரும் உயரத்தில் தொங்கவிடுங்கள். எரியும்போது தூங்கக் கூடாது. ஒருவருக்குத் தலை வலித்தாலும் இருவரும் எழுந்து வெளியே வந்துவிட வேண்டும்.

ஒரு விஷயம் எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர் ஆவியாக வரும். அது கூடாரத் துணியில் படிந்து, சொட்டி, கையுறையை நனைத்து, வெளியே வந்த நிமிடம் உறைந்தது. பண்ணையில் தரையில் பரப்பிய தேங்காய் நார்க் கழிவு நனைந்தால் என்ன பாடோ அதே பாடு. அதனால் உள்ளே சட்டையோடு உட்காரும் அளவுக்குச் சூடேற்ற வேண்டாம். விரல் மடங்கினால் போதும். குஞ்சு பார்ப்பதுபோலப் பாருங்கள். ஒட்டிக்கொண்டு நடுங்கினால் கூட்டுங்கள், வாய் திறந்து மூச்சு வாங்கினால் குறையுங்கள்.

கிளம்பும்போது

முதலில் சிலிண்டரின் திருகை மூடுங்கள். குழாயில் மிச்சமுள்ள வாயு எரிந்து தானே அணையட்டும். ஹீட்டர் ஆறும்வரை மீனைப் பையில் போடலாம். எங்களுக்கு அன்று கிடைத்தது நான்கு பெர்ச், கையளவுகூட இல்லை. காலிக் குப்பிகளைப் பனியில் எறிந்துவிட்டு வராதீர்கள். வசந்தத்தில் அவை ஏரிக்குள் போகும். வீட்டுக்கு வந்ததும் கூடாரத்தை கேரேஜில் விரித்துக் காயவையுங்கள். ஈரத்தோடு மடித்து வைத்த எங்கள் கூடாரத்தில் அடுத்த வாரமே பூசணம் பூத்து, வினிகர் போட்டுத் துடைக்க அரை நாள் ஆயிற்று.