சின்னத் திரைக்குப் படத்தைச் சுருக்கும்போது செய்யக்கூடாதவை

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து லயத்தை (தொழிலாளர் வரிசை வீட்டை) விட்டுத் தாமான் என்ற குடியிருப்புப் பகுதிக்குக் குடிவந்த வீடுகளில் இரண்டு பொருள்களைப் பார்க்கலாம். ஒன்று பாட்டியின் பொத்தான் போன், மற்றது பிள்ளைகள் வாங்கி டிவி பக்கத்தில் வைத்த 7 அங்குல டிஜிட்டல் படச்சட்டம். கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பேரப்பிள்ளைகளின் படம் வந்துகொண்டேதான் இருக்கும், ஆனால் போனில் ஏற்றினால் ஆள் தெரியாது, சட்டத்தில் போட்டால் முகம் நசுங்கும், சிலது திறக்கவே திறக்காது. பொருள் மட்டம் என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் கோளாறு நாம் சுருக்கிய விதத்தில் இருக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, முழுப் படத்தையும் வெட்டாமல் அப்படியே சுருக்குவது. கோயில் தீமிதியில் எடுத்த படம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 12 மெகாபிக்சல் போனில் எடுத்தால் அகலம் 4000 பிக்சல் (படத்தை உண்டாக்கும் சின்னச் சின்னப் புள்ளி), உயரம் 3000. கூட்டத்தில் நிற்கும் பேத்தியின் முகம் அதில் 200 பிக்சல் அகலம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், கணினியில் பார்க்க நன்றாகவே இருக்கும். பொத்தான் போன்கள் பலவற்றின் திரை 240க்கு 320தான். படத்தை 240 அகலத்துக்குச் சுருக்கினால் அந்த முகத்துக்குக் கிடைப்பது வெறும் 12 பிக்சல், அதில் கண் எங்கே மூக்கு எங்கே? அதனால் முதலில் வெட்டுங்கள், அப்புறம் சுருக்குங்கள். பேத்தியைச் சுற்றி 900க்கு 1200 என்று நெட்டுவாக்கில் வெட்டி, பிறகு 240க்கு 320 ஆக்கினால் அதே முகம் 53 பிக்சல் வரும், பாட்டிக்கு அடையாளம் தெரிந்துவிடும். மாமாவை வெட்டிவிட்டோமே என்று சங்கடப்பட்டால் மாமாவுக்கும் தனியாக ஒரு படம் வெட்டிக் கொடுங்கள். பழைய தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி வகுப்புப் படமும் இப்படித்தான், மூன்று வரிசைப் பிள்ளைகளையும் ஒரே திரையில் அடைத்தால் ஒருவரும் தெரியமாட்டார்கள், வரிசை வரிசையாகப் பிரித்துப் போடுங்கள்.

படச்சட்டத்தில் நடக்கும் தவறு வேறு. 7 அங்குலச் சட்டங்கள் பலவற்றின் திரை 800க்கு 480, போன் படத்தைவிட அகலமான வடிவம். திரை நிறையட்டும் என்று அகல உயர விகிதத்தைப் பூட்டும் குறியை எடுத்துவிட்டு 800, 480 என்று தட்டினால் எல்லாருடைய முகமும் இருப்பதைவிடக் கால்வாசி கூடுதலாக அகன்றுவிடும், மணப்பெண்ணின் அம்மா பார்த்தால் சும்மா விடமாட்டார். விகிதத்தை எப்போதும் பூட்டியே வையுங்கள். திரையை நிறைக்க வேண்டுமானால் 4000க்கு 3000 படத்தில் உயரத்தை 2400 ஆக வெட்டுங்கள், வெட்டுவதைக் கீழே தரைப்பக்கமாக வெட்டுங்கள், மேலே கை வைத்தால் தலை போய்விடும். நெட்டுவாக்கில் எடுத்த படத்தை வெட்டவே வேண்டாம். இரண்டு பக்கமும் கறுப்பாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

அசல் படத்தின் மேலேயே சேமிப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். 240 பிக்சலுக்குச் சுருக்கியதைத் திரும்பப் பெரிதாக்கினாலும் போன விவரம் வராது, நாளைக்கு அதே படத்தைச் சட்டம்போட்டு மாட்ட நினைத்தால் கையில் ஒன்றும் இருக்காது. முதலில் தனி ஃபோல்டரில் நகல் எடுங்கள், நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) நாலு பேர் கைமாறி வந்த படத்தையும் நம்பாதீர்கள். சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும், ஜேபெக் (ஜேபிஜி என்பதும் இதுதான்) வடிவப் படத்தை மாற்றி மாற்றிச் சேமிக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தரம் குறையும். எடுத்தவரிடமே கேட்டு, டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லி வாங்குங்கள்.

டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு, 72ஆ 300ஆ என்று மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், அது அச்சடிப்பதற்கு. திரைக்குப் பிக்சல் கணக்கு மட்டும்தான்.

திறக்காத படங்களுக்கு வருவோம். 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன் தன் படங்களை ஹைக் (HEIC) என்ற கோப்பு வடிவில் சேமிக்கிறது, பழைய சட்டமும் பொத்தான் போனும் அதைப் படிக்காது. கோப்பின் பெயரில் புள்ளிக்குப் பின்னால் வரும் எழுத்துகளை மட்டும் ஜேபிஜி என்று மாற்றுவது சரிப்படாது, முறையாக மாற்றிச் சேமிக்க வேண்டும். அப்படிச் சேமிக்கும்போது ‘புரோகிரசிவ்’ என்ற குறி இருந்தால் எடுத்துவிடுங்கள், சில சட்டங்களுக்கு அது ஆகாது. படம் சாய்ந்து படுத்துக்கொண்டால், எந்தப் பக்கம் மேலே என்று போன் கோப்பில் எழுதிவைத்த குறிப்பைச் சட்டம் கவனிக்கவில்லை என்று அர்த்தம், கணினியில் நிமிர்த்திச் சேமித்துவிடுங்கள். மெமரி கார்டும் 32 ஜிபிக்கு மேல் வேண்டாம், பழைய சட்டங்கள் பலவற்றுக்குப் பெரிய கார்டைப் படிக்கத் தெரியாது.

இர்ஃபான்வியூ என்ற மென்பொருள் வீட்டு உபயோகத்துக்கு இலவசம். ஒரு ஃபோல்டர் நிறையப் படத்தையும் ஒரே தடவையில் சுருக்கிவிடும். சுருக்கியபின் லேசாகக் கூர்மையாக்கவும், சின்னப் படத்தைப் பெரிதாக்காமல் விடவும் அதில் தனித்தனிக் குறி உண்டு, இரண்டையும் போட்டுக்கொள்ளுங்கள். எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் ஓட்டாதீர்கள், ஒரு படத்தைச் சுருக்கிச் சட்டத்தில் போட்டுப் பார்த்துவிட்டு மிச்சத்தை ஓட்டுங்கள். பொத்தான் போனுக்கு மட்டும் இந்தக் குறுக்குவழி உதவாது. எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று மென்பொருளுக்குத் தெரியாது, ஒவ்வொன்றாக நீங்கள்தான் உட்கார்ந்து வெட்ட வேண்டும்.