பரீட்சை ஹாலில் படித்ததெல்லாம் மறந்து போகிறதா?

வினாத்தாள் கைக்கு வரும், முதல் கேள்வி நாலு தடவை எழுதிப் பார்த்த கேள்விதான், ஆனால் ஒரு வரி வராது. மதியம் ஒன்றேகாலுக்குப் பேப்பரைக் கட்டிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தால் அதே பதில், புத்தகத்தில் எந்தப் பக்கம், எந்தப் படத்துக்குக் கீழே என்பது வரைக்கும் கண் முன்னால் வந்து நிற்கும். பிளஸ் டூ எழுதியவர்களுக்கு இது புதுசு இல்லை. வீட்டில் என்ன சொல்வார்கள்? "ஒழுங்காப் படிச்சிருந்தா மறக்குமா?" படிக்கவே இல்லையென்றால் ஒன்றரை மணிக்கு மட்டும் எப்படி ஞாபகம் வருகிறதாம்! பீரோவில் நகை இருக்கிறது, அந்த நேரத்துக்குச் சாவியைத்தான் காணோம்.

சாவியை எடுத்து ஒளித்து வைப்பது பெரும்பாலும் கார்டிசால் என்கிற ஹார்மோன். பயந்தவுடனே அட்ரினலின் வந்துவிடும், நெஞ்சு படபடப்பதும் உள்ளங்கை வியர்ப்பதும் அதனால்தான், அது சில நொடி வேலை. கார்டிசால் மெதுவான ஆள். மூளையில் இருக்கும் ஹைப்போதாலமஸ், அதற்குக் கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்லி, அது சிறுநீரகத்தின் தலைமேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பிக்குச் சொல்லி, இப்படிப் படிப்படியாக வந்து, உச்சத்தைத் தொட 20 முதல் 30 நிமிடம் ஆகும். படித்ததைத் தேடி எடுத்துத் தருகிற மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸில் கார்டிசாலை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் ஏராளம், அதனால் கார்டிசால் கூடும்போது அந்தத் தேடல் தடுமாறும். 2000ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள், முந்தின நாள் வார்த்தைப் பட்டியலை மனப்பாடம் செய்தவர்களுக்கு, ஒப்பிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால், உடலுக்குள் போய்க் கார்டிசாலாக மாறும் கார்டிசோன் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். ஞாபகம் வந்த வார்த்தைகள் குறைந்துபோயின. அதே மாத்திரையைப் படிப்பதற்கு முன்னால் கொடுத்தபோது அப்படி ஆகவில்லை.

இதை வைத்து முதல் வேலை: அந்த 20-30 நிமிடக் கணக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். பத்து மணிப் பரீட்சை என்றால் ஒன்பதரைக்குப் பள்ளி வாசலில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஒருத்தன் கைடைப் புரட்டிக்கொண்டே "டேய், நெர்ன்ஸ்ட் சமன்பாடு கண்டிப்பா வருமாம், பார்த்தியா?" என்பான். நீங்கள் பார்த்திருப்பீர்கள், இருந்தாலும் வயிற்றில் புளி கரைக்கும். அந்தப் பயத்தின் கார்டிசால், சரியாக வினாத்தாள் கைக்கு வரும் நேரத்தில் உச்சத்துக்குப் போகும். அதனால் அந்தக் கூட்டத்தில் நிற்காதீர்கள், தள்ளிப் போய் நில்லுங்கள், கோபித்துக்கொள்கிற நண்பன் மதியம் சமாதானம் ஆகிவிடுவான். பெற்றோருக்கும் இதே கணக்குதான், அறிவுரை, ஹால் டிக்கெட் தேடல், பக்கத்து வீட்டுப் பெண்ணின் மார்க் எல்லாவற்றையும் முந்தின நாள் சாயங்காலத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவதுதான் உண்மையில் பெரிய விஷயம், அதற்குச் சில மாதங்கள் வேண்டும். பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதைக் குறைத்து, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெள்ளைத் தாளில் எழுதிப் பாருங்கள். 2016இல் அமெரிக்காவில் செய்த ஒரு சோதனையில், வெறுமனே வாசித்துப் படித்தவர்களுக்குப் பதற்றம் ஏற்பட்டபோது ஞாபகம் குறைந்தது, நினைவிலிருந்து எடுத்து எடுத்துப் பழகியவர்களுக்கு அப்படிக் குறையவில்லை. மஞ்சள் மார்க்கரால் பக்கம் பக்கமாகக் கோடு போடுவது படித்த திருப்தியைத் தரும், அவ்வளவுதான். புக் பேக் கேள்வி ஒன்றை எடுத்து, கடிகாரத்தை வைத்து, பார்க்காமல் எழுதுங்கள். முதல் சில நாள் பாதிதான் வரும், எரிச்சலாக இருக்கும், அதற்காகத் திரும்ப வாசிக்கப் போய்விடாதீர்கள்.

ஹாலுக்குள் வந்தாயிற்று, இன்னும் படபடப்பு அடங்கவில்லை என்றால்: மூக்கால் ஆழமாக இழுத்து, அதன் மேலேயே இன்னொரு குட்டி இழுப்பு இழுத்து, வாய் வழியாக மெள்ள, நீளமாக விடுங்கள். நாலைந்து தடவை போதும். மூச்சு வெளியே போகும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே குறையும் என்பதால் விடுகிற மூச்சுதான் நீளமாக இருக்க வேண்டும். வினாத்தாள் படிக்கக் கொடுக்கும் 10 நிமிடத்தில் கஷ்டமான கேள்வியில் போய் முட்டிக்கொண்டு நிற்காமல், நிச்சயமாகத் தெரிந்த ஒரு ஐந்து மார்க் கேள்வியைத் தேடி வைத்து, அதில் ஆரம்பியுங்கள். கை ஓட ஆரம்பித்தால் மற்றது தானாக வரும். கொஞ்சம் படபடப்பு இருந்தால் தப்பே இல்லை, சுத்தமாகப் பயமே இல்லாதவன் கவனக்குறைவாக எழுதிவிட்டு வருவான்.

தூக்கம் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள், நான் ஒன்றே ஒன்று சொல்கிறேன். காபியில் இருக்கும் கஃபீன் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். இரவு ஒன்பது மணிக் காபி அதிகாலை இரண்டு மணிக்கும் பாதி உள்ளே இருக்கும்.

ஒரு நாள் பதற்றம் வேறு, மாதக்கணக்கில் அமுக்குவது வேறு. நியூயார்க்கில் லைசென்ஸ் தேர்வுக்கு ஒரு மாதம் விழுந்து விழுந்து படித்த மருத்துவ மாணவர்களை ஸ்கேன் செய்து, 2009இல் முடிவை வெளியிட்டார்கள். கவனத்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதில் அவர்கள் தடுமாறினார்கள், நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளையின் இணைப்புகளும் தளர்ந்திருந்தன. தேர்வு முடிந்து ஒரு மாதம் ஓய்வாக இருந்ததும் சரியாகிவிட்டது. எலிகளில் கதை கொஞ்சம் மோசம்: தொடர்ந்த மன அழுத்தத்தில் ஹிப்போகேம்பஸின் நரம்புக் கிளைகள் சுருங்க, பயத்தைக் கையாளும் அமிக்டலாவில் கிளைகள் வளர்ந்ததைப் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் (என்சிபிஎஸ்) சுமந்த்ரா சட்டர்ஜி குழு 2002இல் காட்டியது. நீட், ஜேஇஇ என்று இரண்டு வருஷம் ஒரு நாள் கூட லீவு விடாமல் பிள்ளைகளை ஓட்டும் கோச்சிங் சென்டர்களுக்கு இதைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். வாரத்தில் அரை நாள் புத்தகத்தைத் தொடக் கூடாது, தினம் அரை மணி நேரம் வேர்க்க விளையாட வேண்டும், இதில் பேரம் கிடையாது.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல், எதிலும் ஆசையில்லாமல் இருந்தால், இல்லை உயிரோடு இருந்து என்ன என்கிற எண்ணம் ஒரே ஒரு தடவை வந்தால்கூட, மேலே சொன்ன மூச்சுப் பயிற்சியை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்கிற சுகாதார உதவி எண்ணுக்கும் கூப்பிடலாம். பிள்ளை பேசத் தயங்கினால் அப்பாவோ அம்மாவோ கூப்பிட்டு என்ன செய்வது என்று கேட்கலாம்.