கடல் முள்ளெலியில் ஆண் எது, பெண் எது? மரபணுவைப் பார்க்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முல்லைத்தீவில் ஒரு காலை. கரைவலையில் பாசியோடு சிக்கி வந்த கடல் முள்ளெலியைக் காட்டி, என் உயர்தர உயிரியல் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "சேர், இது ஆணா, பெண்ணா?" பக்கத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்த ஐயா, "பெரிசெல்லோ, பெண்தான்" என்றார். பருமனையும் முள்ளையும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. பெரும்பாலான இனங்களில் இரண்டுக்கும் வெளித்தோற்றம் ஒன்றுதான்.

ஓட்டைத் திறந்தோம். தோடம்பழச் சுளைபோல ஐந்து மஞ்சள் சுளைகள். பலர் இவற்றை முட்டை என்றே நினைக்கிறார்கள். இவை சனனிகள், அதாவது விந்தோ முட்டையோ உருவாகும் உறுப்புகள்; ஆணிலும் உண்டு. ஒன்றைக் கீறினேன், பால்போல வெள்ளையாகக் கசிந்தது. விந்து!

மரபணுவைப் பார்க்கிற இடத்தில்தான் பெரிய தவறு நடக்கிறது. கோழியில் மஞ்சட்கருப் புரதத்தின் மூலப்பொருளை முட்டையிடும் பேட்டின் ஈரல்தான் ஆக்குகிறது. அதே கணக்கை இங்கேயும் போட்டு, மஞ்சட்கருப் புரத மரபணு வேலை செய்தால் பெண் என்று எழுதிவிடுகிறார்கள். முள்ளெலியில் அந்தப் பிரதான மஞ்சட்கருப் புரதம் இரு பாலிலும் உண்டு. சனனியில் உணவு சேமிக்கும் கலங்கள் அதை வைத்திருக்கும்; பெண்ணில் சூலுக்கும் ஆணில் விந்துக்கும் அந்தச் சேமிப்பே செலவாகும். பெயர்தான் மஞ்சட்கரு, குடும்பத்தால் அது இரும்பு காவும் டிரான்ஸ்பெரின் புரதங்களுக்கு உறவு.

வாசா, நானோஸ் என்ற இரண்டு மரபணுக்களையும் பால் தீர்மானிப்பவை என்று எண்ண வேண்டாம். முளையத்தின் ஐந்தாம் கலப்பிளவில் பிரிகிற நான்கு குட்டிக் கலங்களின் வழியில் இவை செறிந்திருக்கும். பின்னாளில் இனப்பெருக்கக் கலங்கள் அந்த வழியில்தான் வருகின்றன, அது ஆணானாலும் பெண்ணானாலும்.

1990 இல் மனிதரில் இனங்கண்ட, ஆண்பாலைத் தீர்மானிக்கும் எஸ்ஆர்வை (SRY) மரபணுவையும் இங்கே தேட வேண்டாம். அது பாலூட்டிகளுக்கு உரியது. முள்ளெலியில் இருப்பது அதன் உறவான சொக்ஸ் (Sox) மரபணுக் குடும்பம்.

சரி, எதை நம்பலாம்? விந்தை முட்டையோடு ஒட்டவைக்கும் பைண்டின் புரதத்தை. 1977 இல் அறியப்பட்ட இது ஆணுக்கே உரியது. ஆனால் விந்து உருவாகும் பருவத்தில்தான் நன்றாகத் தெரியும். பருவம் தப்பி எடுத்த சனனியில் பைண்டின் இல்லை என்பதற்காகப் பெண் என்று எழுதிவிடாதீர்கள். அதே சுளையில் மெல்லிய சீவல் ஒன்றை நுணுக்குக்காட்டியில் வையுங்கள். சூல் கலம் கண்ணில் பட்ட பிறகு எழுதுங்கள்.