வங்கியில் டெக் அப்ரென்டிஸ்: ஏ லெவல் பிள்ளைகளுக்கும் அவர்களின் அம்மாமாருக்கும்

ஏ லெவல் முடிய யூனிக்கு (பல்கலைக்கழகத்துக்கு) நேரடியாகப் போகவில்லை, ஒரு பெரிய வங்கியில் டெக்னாலஜி அப்ரென்டிஸாக, அதாவது சம்பளத்துக்கு வேலை செய்துகொண்டே படிக்கிற ஆளாக, சேரப் போகிறேன் என்று நான் சொன்னதும் அம்மா கேட்டது, “கவுண்டரிலயோ பிள்ளை இருக்கப் போறாய்?” என்றுதான். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. லண்டன் ஹரோவில் பெற்றோல் ஷெட்டில் இரவு வேலை முடித்து வந்தவர், தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் படுக்கப் போனார். அது சம்மதம் இல்லை என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

அது 2022. இப்போது நாலாவது வருஷம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் தம்பிக்காகக் காத்து நின்றால் யாராவது ஒரு அன்ரி பிடித்துக்கொண்டு இதையே கேட்கிறா. எல்லாருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

முதலில் அப்ரென்டிஸ்ஷிப்பின் லெவலைப் பாருங்கள். இங்கிலாந்தில் லெவல் 3 என்றால் ஏ லெவலுக்குச் சமம். லெவல் 4 பட்டப்படிப்பின் முதல் வருஷத்துக்கு. லெவல் 6 தான் முழுப் பட்டம். விளம்பரத்தில் பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த இலக்கத்தைத் தேடிப் பிடியுங்கள். நான் செய்வது லெவல் 6, டிஜிட்டல் அண்ட் டெக்னாலஜி சொல்யூஷன்ஸ். கடைசியில் கையில் பிஎஸ்சி கிடைக்கும்.

அப்பா இரண்டு நாள் கழித்துத்தான் வாய் திறந்தார். “அவங்கள் ஏன் உனக்குச் சும்மா காசு கட்டுறாங்கள்?” நியாயமான கேள்வி. சும்மா இல்லை. 2017 ஏப்ரலில் இருந்து, சம்பளச் செலவு வருஷம் 30 லட்சம் பவுண்டுக்கு மேல் போகிற நிறுவனங்கள் அப்ரென்டிஸ்ஷிப் லெவி என்று 0.5% கட்டவேண்டும். பயிற்சிக்குச் செலவழித்தால்தான் அந்தக் காசு அவர்களுக்குப் பயன்படும். நான் சேர்ந்த நேரம் யூனி ஃபீஸ் வருஷத்துக்கு 9,250 பவுண்ட், 3 வருஷத்துக்கு 27,750. நான் ஒரு சதமும் கட்டவில்லை, ஸ்டூடன்ட் லோனும் இல்லை, மாதம் மாதம் சம்பளமும் வருகிறது. கணக்கைப் பேப்பரில் எழுதி பிரிட்ஜில் ஒட்டிவைத்தேன். அப்பா அதை வாசித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அடுத்த கிழமை நேர்முகத்துக்குச் சப்பாத்து வாங்கக் கூட்டிப்போனார்.

யூனிக்கு விண்ணப்பிக்கிற யூகாஸ் படிவத்தில் இதைப் பொதுவாகப் போடுவதில்லை. வங்கிகளின் சொந்தத் தளங்களிலும், அரசாங்கத்தின் ‘ஃபைண்ட் அன் அப்ரென்டிஸ்ஷிப்’ தளத்திலும் தேடவேண்டும். ஏ லெவலின் கடைசி வருஷமான இயர் 13 தொடங்கும் செப்டம்பரிலேயே பார்க்க ஆரம்பியுங்கள். இடம் நிரம்பியதும், சொன்ன கடைசித் தேதிக்கு முன்னமே மூடிவிடுகிற இடங்கள் உண்டு. யூகாஸையும் விடாதீர்கள், இரண்டையும் சமாந்தரமாகச் செய்யலாம். நான் ஐந்து யூனிக்கும் போட்டிருந்தேன். லண்டனை மட்டும் பார்க்கிற பிழையையும் செய்யாதீர்கள். ஜேபி மோர்கனின் பெரிய தொழில்நுட்ப நிலையம் போர்ன்மவுத்தில் இருக்கிறது, பார்க்லேஸுடையது செஷயரில் நட்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில். “அவ்வளவு தூரமோ” என்று அம்மாமார் இழுப்பார்கள். யூனி என்றால் எடின்பரோவுக்கும் அனுப்புவார்கள்.

பதினாறு வயதில் எழுதுகிற ஜிசிஎஸ்இயில் கணிதமும் ஆங்கிலமும் இல்லாமல் நகரமுடியாது. ஏ லெவலில் பல இடங்கள் பி, பி, சி என்ற பெறுபேறு, அதாவது யூகாஸ் கணக்கில் 112 புள்ளி அளவில் கேட்கும். எங்கள் ஆட்களுக்கு இன்னொன்று: ஸ்டூடன்ட் விசாவில் வந்தவர்களுக்குப் பொதுவாக இது கிடையாது. குடியுரிமை இல்லாதவர்களிடம் 3 வருஷம் இங்கே வசித்திருக்கவேண்டும் என்ற விதியும் வரும். விண்ணப்பத்தில் மினக்கெட முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

ஒன்லைன் பரீட்சை, பிறகு கமராவைப் பார்த்துத் தனியாகக் கதைக்கிற வீடியோ நேர்முகம், பிறகு அசெஸ்மென்ட் சென்டர், அதாவது பலரைச் சேர்த்துக் கூப்பிட்டுச் சோதிக்கிற நாள். “ஏன் வங்கி?” என்று எல்லாக் கட்டத்திலும் கேட்டார்கள். கோடிங் பிடிக்கும் என்று சொல்லவே சொல்லாதீர்கள், முன்னால் போன நாற்பது பேரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். நான் அப்பாவின் ஷெட்டில் ஒரு சனிக்கிழமை கார்ட் மெஷின் படுத்த கதையைச் சொன்னேன். பெற்றோல் அடித்துவிட்டுக் காசில்லாமல் நிற்கிற பதினொரு கார். நான் கொப்பியில் நம்பர் பிளேட் எழுதிக்கொண்டு நின்றேன். கேட்டவர் பேனையை வைத்துவிட்டுக் கேட்டார்.

இடம் கிடைத்த பிறகு பின்னணிச் சோதனை. கடந்த 5 வருஷ விலாசம் முழுக்க, மாத இடைவெளி இல்லாமல். நாங்கள் மூன்று தரம் வீடு மாறியவர்கள், அம்மாவின் பழைய கவுன்சில் கடிதக் கட்டுத்தான் காப்பாற்றியது. கடன் வரலாறும் பார்ப்பார்கள். பதினெட்டு வயதில் போன் கொண்ட்ராக்ட் எடுத்துவிட்டு பில் கட்டாமல் விட்டவர்கள் அதை இப்போதே கட்டி முடியுங்கள்.

உள்ளே போனால் எல்லாம் மெதுவாக நடக்கும். என் முதல் வேலை ஒரு பிழைச் செய்தியில் இரண்டு சொல்லை மாற்றுவது. டிக்கெட் (வேலையைப் பதிவது), கோட் ரிவியூ (எழுதியதை இன்னொருவர் சரிபார்ப்பது), டெஸ்ட், அனுமதி என்று ஒன்பது நாள் எடுத்தது. எழுதியவரே அதை வாடிக்கையாளர் பக்கம் ஏற்றவும் முடியாது, வேறொருவர்தான் ஏற்றவேண்டும். டிசம்பரில் ‘சேஞ்ச் ஃப்ரீஸ்’, சிஸ்டத்தில் ஒன்றும் மாற்றக்கூடாது, என்று கையைக் கட்டிப்போடுவார்கள். ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. பிறகு 2018இல் டிஎஸ்பி வங்கி புதிய சிஸ்டத்துக்கு மாறியபோது நடந்ததை வாசித்தேன். லட்சக்கணக்கான ஆட்கள் தங்கள் கணக்குக்குள் போகமுடியாமல் தவித்திருக்கிறார்கள். 2022 டிசம்பரில் 4.865 கோடி பவுண்ட் அபராதம். அதற்குப் பிறகு ஒன்பது நாளைப்பற்றி நான் முறைப்பட்டதில்லை.

வங்கிக்குள் பழைய விஷயங்களுக்குப் பயப்படாதீர்கள், அங்கேதான் படிக்க நிறைய இருக்கிறது. பாக்ஸ் (Bacs) என்று ஒன்று. பிரிட்டனில் பெரும்பாலான சம்பளமும், பில் காசைக் கணக்கில் இருந்து தானாக எடுக்கிற டைரக்ட் டெபிட்டும் ஓடுகிற வழி, காசு போய்ச் சேர மூன்று வேலைநாள் எடுக்கும். அதன் ஃபைலில் பெயருக்கு 18 எழுத்து இடம். டெஸ்ட் தரவில் இருந்ததெல்லாம் ஜோன் ஸ்மித், ஆன் பிரவுன். நான் பெரியப்பாவின் பெயரைப் போட்டுப் பார்த்தேன். சிவபாதசுந்தரம், ஆங்கிலத்தில் 17 எழுத்து. ஒரு இடைவெளி விட்டால் 18 முடிந்தது, அவருடைய மகனின் பெயருக்கு இடமே இல்லை. இலங்கைப் பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயர் முன்னுக்கு வரும் என்பதால் வெட்டுப்பட்டு மிஞ்சுவது எப்போதும் தகப்பன்தான். வீட்டில் ஐந்து பிள்ளை இருந்தால் ஐந்து பேரும் ஒரே ஆள்! இதை ரிவியூவில் எழுதினேன். டெஸ்ட் தரவில் நீளப் பெயர்கள் சேர்ந்தன, என்னுடைய முதல் உருப்படியான டிக்கெட் அதுதான். எங்கள் வீட்டுப் பெயர்கள் ஒரு தகுதி என்று யாரும் எனக்குச் சொல்லித்தந்திருக்கவில்லை.

இப்போது நான் மாட்டிய இடம். பட்டத்தின் முடிவில் எண்ட் பொயிண்ட் அசெஸ்மென்ட் வரும்: ஒரு திட்ட அறிக்கை, அதை விளக்கிக் கதைப்பது, நீங்கள் செய்த வேலைக்கு ஆதாரக் கோப்பு. ஆதாரம் என்றால் ஸ்கிரீன்ஷொட், கோட், மின்னஞ்சல். இந்தப் பட்டத்தைத் தருகிற யூனி அதைக் கேட்கும், வங்கி அதை வெளியே விடாது. முதல் வருஷம் நான் எழுதிய நாற்பது வரிக் கோட்டை, என்னுடையதுதானே என்று, வீட்டு மின்னஞ்சலுக்கு அனுப்பினேன். வாடிக்கையாளர் விபரம் ஒன்றும் அதில் இல்லை. இருபது நிமிஷத்தில் மனேஜரின் போன் அடித்தது. அவர் கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. கண்ணாடி அறையில் இரண்டு பேர் முன்னால், ஏன் அனுப்பினேன், வேறு எங்கே அனுப்பினேன், அழித்தேனா என்று வரிவரியாகச் சொன்னேன். எச்சரிக்கையோடு விட்டார்கள். அன்று ரெயினில் ஹரோ வரும்வரை நான் போனைத் தொடவில்லை.

ஆகவே சேர்ந்த முதல் கிழமையே மனேஜரையும் யூனி ஆலோசகரையும் ஒரே அழைப்பில் இருத்தி, என்ன வெளியே போகலாம், யார் பார்த்து அனுமதிப்பது என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். நான் இப்போது செய்வது இது: வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு, அந்தக் கிழமை என்ன செய்தேன், ஏன் அப்படிச் செய்தேன், என்ன பிழைத்தது என்று பத்து வரி என் சொந்த வசனத்தில், வங்கி லப்டொப்பிலேயே. பெயர், கணக்கிலக்கம், சிஸ்டத்தின் பெயர் எதுவும் இல்லாமல். படம் வேண்டுமென்றால் பெட்டியும் அம்புக்குறியும் நானே கீறுகிறேன். மூன்று மாதத்துக்கு ஒருக்கால் மனேஜர் வாசித்து ஓம் என்றபிறகுதான் வெளியே போகும்.

படிப்பு வேலை நேரத்துக்குள்ளேதான் நடக்கவேண்டும். நான் சேர்ந்தபோது விதி, கிழமைக்குக் குறைந்தது 6 மணித்தியாலம். இரண்டாம் வருஷம் குழு அவசரத்தில் இருந்தது என்று என்னுடைய படிப்பு நாளான புதன்கிழமைகளை நானே விட்டுக்கொடுத்தேன், யாரும் கேட்கக்கூட இல்லை. ஏப்ரலில் இரண்டு அசைன்மென்ட் ஒரே நாளில் விழுந்தது. காலண்டரில் புதனை அடைத்துவையுங்கள், மேலே ஒரு கூட்டம் வந்தால் “படிப்பு நாள், வியாழன் வரலாமா?” என்று மட்டும் பதில் போடுங்கள். மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை.

கையெழுத்துப் போடமுன் இரண்டு வரியைத் தேடுங்கள். ஒன்று, முடிந்தபிறகு வேலை நிச்சயமா என்று. பல ஒப்பந்தங்களில் அது ‘நிச்சயம்’ என்று இருக்காது, முன்னைய வருஷத்து அப்ரென்டிஸ்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று வாயால் கேளுங்கள். மற்றது, இடையில் விட்டால் படிப்புக் காசைத் திருப்பிக் கட்டவேண்டும் என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா என்று. பயிற்சிச் செலவை அப்ரென்டிஸிடம் வாங்கக்கூடாது என்பது அரசாங்கத்தின் நிதி விதி. அப்படி ஒரு வரி கண்ணில் பட்டால் பேனையை மூடிவைத்துவிட்டுப் போன் எடுங்கள்.